ஒன்பதாம் வகுப்பு சராசரி, நிகழ்தகவு: பயிற்சிக் கணக்குகள் கிடைக்குமா?

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு, தமிழ் வழி. புள்ளியியல், நிகழ்தகவு இரண்டிலும் புத்தகக் கணக்குகளை முடித்துவிட்டாள். இன்னும் பயிற்சி வேண்டும்.

சராசரி அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அக்கா ஐந்து நாளில் பறித்த கொழுந்து 18, 22, 20, 25, 15 கிலோ. மொத்தம் 100, சராசரி 20 என்று உடனே சொன்னாள். ஆறாம் நாள் மழை, வேலை இல்லை. அதை 0 என்று சேர்த்து ஆறால் வகுப்பதா என்று அவளே கேட்டாள். வேலை செய்த நாளுக்கு என்றால் 20, எல்லா நாளுக்கும் என்றால் சுமார் 16.7 என்று விளக்கினேன். இப்படி யோசிக்க வைக்கும் கணக்குகள்தான் தேவை.

நிகழ்தகவில்தான் தடுமாற்றம். இரண்டு நாணயம் சுண்டினால் இரண்டு தலை, ஒரு தலை, தலையே இல்லை. ஆக ஒவ்வொன்றுக்கும் 1/3 என்கிறாள். தலை-பூ, பூ-தலை இரண்டும் தனித்தனி, அதனால் ஒரு தலைக்கு 1/2 என்றால் மனம் ஒப்பவில்லை. நேற்று 40 முறை சுண்டினோம். ஒரு தலை மட்டும் விழுந்தது 21 முறை. அப்புறம்தான் கொஞ்சம் நம்பினாள். (18-ஆம் நூற்றாண்டில் டாலம்பேர் என்ற பெரிய பிரெஞ்சு கணித அறிஞரே இரண்டு நாணயக் கணக்கில் சறுக்கினார் என்றதும் அவள் முகம் தெளிந்தது.)

சீட்டுக்கட்டை அவள் தொட்டதே இல்லை. 52 சீட்டு, நான்கு வகை, வகைக்கு 13 என்று மனப்பாடமாகச் சொல்கிறாள், கணக்கில் வந்தால் குழம்புகிறாள். இதை எளிதாகப் புரியவைத்த ஆசிரியர்கள் யாராவது வழி சொல்லுங்கள். விடையோடு தமிழில் பயிற்சித்தாள் இருந்தால் போட்டோ எடுத்துப் போட்டாலும் போதும். அடுத்த வாரம் தேர்வு.