கேமில் கேரியர் (விமானந்தாங்கிக் கப்பல்) சொன்ன இடத்தில் நிற்கவில்லை, லுங்கா தரையிறக்கம் நாசம். உதவி தேவை

தோணி
அவசரம். லுங்காவுல (குவாடல்கனால் தீவு) மரீன்களை இறக்கிட்டு இருக்கேன். கேரியரைப் பக்கத்துலயே நிக்கச் சொல்லியிருந்தேன். டர்ன் ஓட்டினா அதுபாட்டுக்குக் கிளம்பிப் போயிடுச்சு. வாஸ்ப் காலி. டிரான்ஸ்போர்ட்டும் சிலது மூழ்கிடுச்சு. முந்தின சேவ் இருக்கு. இது கேமோட பிழையா (பக்)? எப்படி நிறுத்தறது?

நங்கூரம்
எந்த கேம்?

தோணி
வார் இன் த பசிபிக், அட்மிரல்ஸ் எடிஷன், ரெண்டாம் உலகப் போர் கேம். வேற எதுல லுங்காவுல இறக்குவாங்க?

சோனார்
கொஞ்சம் விவரம் குடுங்க ப்ரோ. எந்த சினாரியோ, கேமில் என்ன தேதி, எதிரி ஏஐயா ஆளா? கேரியர் எத்தனை, எல்லாம் ஒரே டிஎஃப்பா (டாஸ்க் ஃபோர்ஸ், கப்பல் குழு)? ரிட்டயர்மென்ட் அலவ்டா (தானா பின்வாங்கலாம்), ரிமெய்ன் ஆன் ஸ்டேஷனா (அங்கயே நிக்கணும்)? ஹோம் போர்ட் எது? முக்கியமா, போன கேரியர் எந்தப் பக்கம் போச்சு?

எண்ணெய்க்கப்பல்
எரிபொருள்தான். பத்துல ஒன்பது கேஸ் இதுதான். டெஸ்ட்ராயர் எல்லாம் பெரிய கப்பல்கிட்ட இருந்து குடிச்சுக்கிட்டே இருக்கும். ஃபுல் ஸ்பீடுல ஓட்டியிருந்தா கேட்கவே வேண்டாம், எண்ணெயும் கரையும், சிஸ்டம் டேமேஜும் ஏறும். அப்புறம் டிஎஃப் தானா ஹோம் போர்ட்டுக்குத் திரும்பிடும். ரெண்டு மூணு ஏஓ (எண்ணெய்க் கப்பல்) வச்சு ஒரு ரீப்ளெனிஷ்மென்ட் (எரிபொருள் நிரப்பற) டிஎஃப் போட்டு, சண்டை இடத்துக்கு அஞ்சாறு ஹெக்ஸ் (வரைபடக் கட்டம்) தெற்கே நிறுத்துங்க. அதுக்குத் துணையா டெஸ்ட்ராயர் இல்லாம அனுப்பாதீங்க.

பழைய மாலுமி
மாசத்துக்கு ஒருத்தர் "கேரியர் ஓடிப்போச்சு"ன்னு வந்து நிப்பாங்க. மேனுவல்ல டாஸ்க் ஃபோர்ஸ் ரியாக்‌ஷன் (எதிரியைக் கண்டா டிஎஃப் தானா அவன் பக்கம் போறது) பத்தி எழுதியிருக்கு. படிச்சிட்டு வந்தா இந்த இழைக்கே வேலை இல்லை. இது பொத்தானை அமுக்கிட்டு வேடிக்கை பாக்கற கேம் இல்ல தம்பி.

தோணி
பெரிய கேம்பெயின், 1942 ஆகஸ்ட், ஏஐக்கு எதிரா. என்டர்பிரைஸ், சரடோகா, வாஸ்ப் மூணுக்கும் தனித்தனி டிஎஃப். பின்னாடி ரெண்டும் என்டர்பிரைஸை ஃபாலோ. லுங்காவுக்கு 2 ஹெக்ஸ் தெற்கே ரிமெய்ன் ஆன் ஸ்டேஷன். ஹோம் போர்ட் நூமியா. எண்ணெய் நிறைய இருக்கு. வாஸ்ப் மட்டும் வடமேற்கே போச்சு, புகன்வில் பக்கம்.

சோனார்
அப்போ விடை அதுலயே இருக்கு. திசையைப் பாருங்க. நூமியா பக்கம் போயிருந்தா ரிட்டயர்மென்ட் இல்லன்னா எண்ணெய்னு சந்தேகப்படலாம். மூணும் சேர்ந்து வேற எங்கயாவது நகர்ந்திருந்தா ஃபாலோ வச்ச கப்பல் இழுத்துட்டுப் போச்சுன்னு அர்த்தம். ஒண்ணு மட்டும் எதிரி இருக்கற பக்கம் போயிருக்கு. அது ரியாக்‌ஷன்.

ரியாக்‌ஷன் ரேஞ்ச் டிஎஃப்புக்கு டிஎஃப் தனி. என்டர்பிரைஸ்ல 0 வச்சா அது ஃபாலோ பண்றவங்களுக்கும் சேராது. சேவைத் திறந்து வாஸ்ப் டிஎஃப் திரையில அந்த எண்ணைப் பாருங்க. 6னு இருந்தா, 6 ஹெக்ஸுக்குள்ள ஜப்பான் கேரியர் கண்ணுல பட்டதும் கமாண்டரோட ஆக்ரோஷத்தைப் பொறுத்துப் பகடை விழும். ஒரு ஹெக்ஸ் 40 கடல் மைல், 6 ஹெக்ஸ்னா 240. இந்தத் தூரத்துல மத்த ரெண்டு கேரியரோட கேப் (மேல சுத்திக் காவல் காக்கற ஃபைட்டர்) அதுக்கு உதவாது. தனியா போய் மொத்தத் தாக்குதலையும் வாங்கிக்கும்.

ஹெக்ஸ்ராஜா
கமாண்டரை மாத்துங்க, முடிஞ்சுது. ஹால்சி மாதிரி ஆளைப் போட்டா பாய்வாரு. நிதானமான ஆளைப் போடுங்க.

சோனார்
கமாண்டரை மாத்த பொலிட்டிக்கல் பாயின்ட் செலவாகும். ரியாக்‌ஷன் எண்ணை 0 ஆக்க ஒண்ணும் ஆகாது. இலவசமா கிடைக்கறதை முதல்ல செய்வோம்.

ஹெக்ஸ்ராஜா
சரி, இன்னும் சுலபம் ஒண்ணு. மூணையும் ஒரே டிஎஃப்ல போட்டுட்டா எது பிரிஞ்சு போகும்?

பழைய மாலுமி
இதைத்தான் எதிர்பார்த்தேன். 1942ல நேச நாட்டு டிஎஃப் ஒண்ணுல விமானம் 100 கூட்டல் 100 வரைக்குமான ஒரு ரேண்டம் எண்ணைத் தாண்டினா, தாக்குதல் ஒருங்கிணையாம சிதறுற வாய்ப்பு இரட்டிப்பாகும். மூணு கேரியர் சேர்ந்தா 220, 230 விமானம். அது எப்பவுமே 200க்கு மேல, அதனால ஒவ்வொரு தடவையும் அபராதம். ரெண்டு கேரியர்னா 155 வச்சுக்குங்க, பாதிக்குக் கொஞ்சம் மேல. ஒண்ணுன்னா 80 சொச்சம், அபராதமே கிடையாது. 1943ல இது 150 கூட்டல் 150. 1944லருந்து 200 கூட்டல் 200. ஜப்பானுக்கு முதல் நாள்லருந்தே 200 கூட்டல் 200. அதனாலதான் அவன் கும்பலா வந்து அடிக்கறான்.

சோனார்
சொன்ன விதத்தை விடுங்க, கணக்கு சரி. சிதறினா என்ன ஆகும்னா, டைவ் பாம்பர் ஒரு கூட்டம், டார்பிடோ விமானம் ஒரு கூட்டம், எஸ்கார்ட் வேற எங்கயோன்னு போகும். ஜீரோக்கள் (ஜப்பான் ஃபைட்டர்) ஒவ்வொரு கூட்டமா உக்காந்து தின்னும். அதனால டிஎஃப் தனித்தனி, ஹெக்ஸ் ஒண்ணு, மூணுலயும் ரியாக்‌ஷன் 0. ஒரே ஹெக்ஸ்ல இருந்தா ஒருத்தரோட கேப் எல்லாருக்கும் சேரும்.

அலையோசை
அப்படின்னா டிரான்ஸ்போர்ட் நிக்கற ஹெக்ஸ்லயே கேரியரையும் நிறுத்தினா என்ன? ரெண்டு ஹெக்ஸ் தள்ளி நின்னு எல்ஆர்கேப் (தூரத்துல இருந்து அனுப்பற கேப்) போட்டா மேல நிக்கற ஃபைட்டர் எண்ணிக்கை குறையும், பைலட் களைப்பும் ஏறும்.

எண்ணெய்க்கப்பல்
அலையோசை சொல்றதுல நியாயம் இருக்கு, ஆனா ஜப்பான் தளம் ரபால்ல இருந்து வர்ற பெட்டிகள் (குண்டுவீச்சு விமானங்கள்) முதல்ல தேடறது அந்த ஹெக்ஸைத்தான். முதல் ரெண்டு நாள் கூட நிக்கலாம். அப்புறம் தள்ளிப் போகணும். நிஜத்துல கேரியர்களோட தளபதி ஃப்ளெட்சர் ஆகஸ்ட் 8 சாயங்காலமே போனார், எண்ணெய் பத்தலைன்னு.

அலையோசை
எண்ணெய் பத்தலையா? தரையிறக்கத் தளபதி டர்னரோட டிரான்ஸ்போர்ட்ல பாதிச் சரக்கு இறங்கல. அன்னிக்கு ராத்திரியே சாவோ தீவுல அஸ்டோரியா, குயின்ஸி, வின்சென்ஸ், கான்பெரான்னு நாலு க்ரூஸர் போச்சு. அவர் நின்னிருந்தா விடிஞ்சதும் ஜப்பான் தளபதி மிகாவாவைத் துரத்தியிருக்கலாம்.

எண்ணெய்க்கப்பல்
அவர் அனுப்பின செய்தியில ஃபைட்டர் 99லருந்து 78 ஆயிடுச்சுங்கறது முதல்ல, எண்ணெய் குறையுதுங்கறது பின்னாடிதான். அது ரெண்டும் உண்மை. பசிபிக்ல அன்னிக்கு இருந்ததே நாலு பெரிய கேரியர், அதுல மூணு அவர்கிட்ட. ஆகஸ்ட் 31ல ஜப்பான் சப்மரீன் ஐ-26 சரடோகாவை அடிச்சுது. செப்டம்பர் 15ல ஐ-19 வாஸ்பை மூழ்கடிச்சுது. ஒரே கடல்ல சுத்திக்கிட்டே இருந்தா என்ன ஆகும்னு இதுல தெரியலையா?

அலையோசை
ராத்திரி சண்டைக்கும் சப்மரீனுக்கும் என்ன சம்பந்தம்? பேச்சை மாத்தாதீங்க.

பழைய மாலுமி
ஃப்ளெட்சரைத் திட்டறவங்க, காப்பாத்தறவங்க ரெண்டு பேருமே ஆகஸ்ட் 24ஐ மறந்துடறாங்க. கிழக்கு சாலமன் சண்டை அன்னிக்கு வாஸ்ப் எண்ணெய் நிரப்ப தெற்கே போயிருந்தது. மூணுல ஒண்ணு இல்லாமலே சண்டை போட்டார். ஜப்பான் கேரியர் ரியூஜோ மூழ்கிச்சு, என்டர்பிரைஸ் அடி வாங்குச்சு. எண்ணெய் முறையை முன்னாடியே போட்டு வைக்காட்டி கேம்லயும் இதே கதிதான்.

நங்கூரம்
ஃப்ளெட்சர் வழக்கு வேற இழையில நடக்கட்டும். தோணி, சேவ் பாத்தீங்களா?

சோனார்
அவர் வர்றதுக்குள்ள தரையிறக்கம் பத்தியும் சொல்லிடறேன், டிரான்ஸ்போர்ட் போனதுக்கு வாஸ்ப் மட்டும் காரணமா இருக்காது. டிஎஃப் வகை ஆம்ஃபிபியஸ்தானான்னு பாருங்க. டிரான்ஸ்போர்ட் டிஎஃப்ல ஏத்தினா எதிரி கரையில அது சரிப்படாது, நம்ம பேஸுக்குத்தான். படையோட ப்ரெப் (தரையிறக்கத் தயாரிப்பு) இலக்கு லுங்காவா, எண் 100 கிட்ட வந்துடுச்சான்னு பாருங்க. வேற ஊருக்கு ப்ரெப் வச்ச படையை இறக்கினா கரையிலயே சிதைஞ்சு போகும். சரக்கை நாலு பெரிய கப்பல்ல நிரப்பாதீங்க, எட்டு பத்து கப்பல்ல பாதிப் பாதியா ஏத்துங்க. இறக்கற வேகம் கப்பலுக்குக் கப்பல் தனி, அதனால எண்ணிக்கை கூடினா சீக்கிரம் முடியும். ஆளெல்லாம் இறங்கி சப்ளை மட்டும் மிச்சம் இருந்தா, பகல்ல விமானம் வருதுன்னு தெரிஞ்சும் அங்க நிக்க வேண்டியதில்ல, கிளம்பிடலாம்.

ராத்திரிக்கு க்ரூஸர், டெஸ்ட்ராயர் வச்சு ஒரு சர்ஃபேஸ் காம்பாட் டிஎஃப் லுங்கா ஹெக்ஸ்லயே இருக்கணும். அதுலயும் ரியாக்‌ஷனைக் குறைச்சு வைங்க. இல்லன்னா எதையோ துரத்திப் போயிடும், அந்த நேரம் பார்த்து டிரான்ஸ்போர்ட் தனியா மாட்டும்.

தேடலுக்கு கேரியர் விமானத்தையே நம்பாதீங்க. என்டேனி தீவுல ஒரு ஏவிபியை (கடல் விமானத் துணைக்கப்பல்) நிறுத்தி கேட்டலினாவை (தேடல் விமானம்) நேவல் சர்ச்ல போடுங்க. தேடற கோணத்தை மேற்குல இருந்து வடக்கு வரைக்கும் சுருக்கினா ரபால், ட்ரக் (இன்னொரு ஜப்பான் தளம்) பக்கத்துல இருந்து வர்றவங்க மேல டிடெக்‌ஷன் லெவல் (எதிரி எவ்வளவு கண்ணுல பட்டான்ங்கற அளவு) சீக்கிரம் ஏறும். டாண்ட்லெஸ் டைவ் பாம்பர்ல 10, 20 சதவீதம் தேடலுக்கு விட்டாப் போதும், மிச்சம் அடிக்க இருக்கட்டும்.

எண்ணெய்க்கப்பல்
ஒரே ஹெக்ஸ்ல நாள்கணக்கா நிக்காதீங்கன்னு சேர்த்துக்குங்க. சப்மரீன் ஏஐ அங்கதான் வந்து குவியும்.

தோணி
பாத்தேன். வாஸ்ப்ல 6, மத்த ரெண்டுலயும் 0. மூணையும் 0 ஆக்கி, லுங்கா ஹெக்ஸ்லயே நிறுத்தி ஓட்டினேன். நகரல. பெட்டி வந்துச்சு, கேப் பாத்துக்கிச்சு, ஒரே ஒரு கப்பல்தான் அடி வாங்குச்சு. டிஎஃப் வகை ஆம்ஃபிபியஸ்தான். ப்ரெப் 40 சொச்சம்தான் இருக்கு, இறக்கியாச்சு, இனி பாத்துக்கலாம். நன்றி.

பழைய மாலுமி
40லயா இறக்கினீங்க? கஷ்டகாலம்.

கரையோரம்
எனக்கு நேரெதிர்ப் பிரச்சினை. ஜப்பான் பக்கம் ஆடறேன். ரியாக்‌ஷன் 4 வச்சும் ஷோகாகு டிஎஃப் அசையவே மாட்டேங்குது. எதிரி 5 ஹெக்ஸ்ல இருக்கான்.

சோனார்
4 வச்சா 5ல இருக்கறவனை எப்படித் துரத்தும்?

கரையோரம்
அது சரி, ஆனா நேத்து 3ல இருந்தப்பவும் போகல.

நங்கூரம்
புது இழை ஆரம்பிங்க. கமாண்டர் பேரு, எதிரி டிடெக்‌ஷன் லெவல், மிச்ச எண்ணெய் மூணும் முதல் பதிவுலயே போடுங்க.