ஏழு வாரம் தாண்டிய முழங்கை முறிவு: இனி அறுவை சிகிச்சை சரியா?

தேனித் தாய்:
ஆறு வயது மகன் கொய்யா மரத்திலிருந்து விழுந்தான். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து நாட்டுக் கட்டுப் போட்டோம். வீக்கம் வடிந்தது. ஏழு வாரம் கழித்து அவிழ்த்தால், முழங்கையின் வெளிப்பக்கம் கொட்டைப்பாக்கு அளவுக்குப் புடைப்பு. கை முழுதாக நீளவில்லை. எக்ஸ்ரேயில் வெளிப்பக்க எலும்புத் துண்டு ஒட்டாமல் விலகி நிற்கிறதாம். ஒரு மருத்துவர் அறுவை சிகிச்சை என்கிறார். இன்னொருவர் தொடவே வேண்டாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

வர்மப்பேரன்:
வலியில்லை, கை மடங்குகிறது என்றால் கத்தி எதற்கு அம்மா? பிள்ளை எலும்பு வளர வளரத் தானே நிமிரும். என் தாத்தா கட்டிவிட்ட கைகள் இன்றும் மண்வெட்டி பிடிக்கின்றன.

எலும்பு மருத்துவன்:
மணிக்கட்டுப் பக்கம் உடைந்திருந்தால் ஒப்புக்கொள்வேன் ஐயா. மேற்கை எலும்பின் வளர்ச்சியில் ஏறக்குறைய 80 சதவீதம் தோள் பக்கம் நடக்கிறது. முழங்கைப் பக்கம் 20தான். அங்கே கோணல் நிமிர்வது அரிது. மேலும் இந்தத் துண்டு மூட்டுக்குள் இருக்கிறது. முன்கைத் தசைகள் அதை இழுத்துக்கொண்டே இருக்கும். மூட்டு நீர் முறிவில் புகுந்து ஒட்டவிடாது. அப்படியே விட்டால் முன்கை வெளிப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். உட்பக்கம் ஓடும் அல்னார் நரம்பு வருடக்கணக்கில் இழுபட்டு, பெரியவனான பிறகு சுண்டுவிரல் மரத்துப்போகும், கைப்பிடி தளரும். இப்போது வலி இல்லை என்பதை நம்பிவிடாதீர்கள்.

பழைய மாணவன்:
நானும் எலும்பு மருத்துவன்தான். ஆனாலும் வேண்டாம் என்பேன். மூன்று வாரம் தாண்டினால் அறுத்துத் திறக்காதே என்று 1975இல் ஜேக்கப் என்ற எலும்பு மருத்துவரின் குழுவினர் எழுதியதைப் படித்து வளர்ந்தவன். துண்டுக்கு இரத்தம் அற்று எலும்பு செத்துப்போகலாம். நன்றாக மடங்கிய கை அறுவைக்குப் பின் விறைத்துப்போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நரம்புத் தொல்லை வந்தால் அன்றைக்கு நரம்பை இடம் மாற்றிக்கொள்ளலாம்.

எலும்பு மருத்துவன்:
அந்தக் கெடுதி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். துண்டுக்கு இரத்தம் பின்பக்கத் தசையொட்டின் வழியாகத்தான் போகிறது. பழைய இடத்திலேயே பொருத்தியாக வேண்டும் என்று அதைச் சுரண்டி எடுத்தார்கள், எலும்பு செத்தது. பின்பக்கத்தைத் தொடாமல், இடையில் வளர்ந்த தழும்பை மட்டும் நீக்கி, வலிந்து இழுக்காமல் எட்டுகிற இடத்தில் வைத்துத் திருகாணி போட்டால் துண்டு ஒட்டிக்கொள்ளும். எக்ஸ்ரே படம் அழகாக இராது. பரவாயில்லை, கை மடங்கி நீள்வதுதான் முக்கியம். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் இது கடினமாகும்.

பழைய மாணவன்:
அப்படிச் செய்யத் தெரிந்த கை என்றால் மறுக்க மாட்டேன். எல்லாக் கையும் அப்படியல்ல. அம்மா, இத்தகைய பழைய முறிவுகளை அவர் எத்தனை செய்திருக்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

வர்மப்பேரன்:
நரம்பு விஷயம் எனக்குப் புதிது. இருந்தாலும் ஆறு வயதுப் பிள்ளைக்கு மயக்க மருந்து என்றால் மனம் ஒப்பவில்லை.

தேனித் தாய்:
எனக்கும்தான் ஒப்பவில்லை ஐயா. ஆனால் புடைப்பு தெரியக் கூடாதென்று அவன் இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை கேட்கிறான். பின்பக்கத்தைத் தொடுவாரா, இதற்குமுன் எத்தனை செய்தார் என்ற இரண்டு கேள்விகளையும் எக்ஸ்ரே உறையின் மேலேயே எழுதிவிட்டேன். திங்கட்கிழமை போகிறோம்.