புதுப்பிப்பு: வேலையை விடவில்லை

வார இறுதி டிப்ளோமா வகுப்புக்காகக் கடைக் கணக்கு வேலையை விடலாமா என்று சித்திரையில் கேட்டிருந்தேன். விடவில்லை.

இலங்கையின் 1954ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறை உண்டு என்று ஒருவர் எழுதியிருந்தீர்களே, அதைச் சொல்லித்தான் முதலாளியிடம் பேச்சைத் தொடங்கினேன். "சட்டம் எனக்கும் தெரியும் தம்பி. சனிக்கிழமை யார் பில் போடுவது?" என்றார். மூன்றாம் நாள் அவரே இறங்கி வந்தார். சனி எனக்கு, மற்ற நாள்களில் கடை பூட்டும்வரை நிற்க வேண்டும்.

படிப்பெல்லாம் நிலாவெளி பஸ்ஸில்தான். உப்புவெளி தாண்டினால்தான் இருக்கை கிடைக்கும். பிறகு நாலு பக்கம் ஓடும். குறிப்புக் கொப்பியின் ஓரமெல்லாம் வியர்வையில் ஊறிவிட்டது.

புள்ளிவிபரவியலில் மட்டும் கோட்டை விட்டேன். மறுபடி எழுத விண்ணப்பித்துவிட்டேன்.