நடவு வயலில் மிதக்கும் இலைக்குழல்கள்: இது எந்தப் புழு?

வரப்போரம்:
திருவாரூர்ப் பக்கம் தாழ்வான சம்பா வயல். நட்டு மூன்று வாரம் ஆகிறது. இலை நுனிகள் கத்தரித்தது போல் குறுகி, சோகையில் (இலைப்பரப்பில்) வெள்ளைத் திட்டுகள் தெரிகின்றன. விரல் கணு நீளத்தில் சிறு இலைக்குழல்கள் நீரில் மிதந்து காற்றடிக்கும் மூலையில் ஒதுங்குகின்றன. இலைச்சுருட்டுப்புழு என்கிறார்கள். அது இலையைச் செடியிலேயே மடித்துக்கொள்ளும் என்பதால் எனக்கு ஐயமாக இருக்கிறது. மருந்து தெளிக்க வேண்டுமா?

நீர்ப்பூச்சி:
உங்கள் ஐயம் சரியானது. இது நெல் கூண்டுப்புழு. ஒரு குழலை நீருள்ள டம்ளரில் போட்டு மெல்லப் பிரித்துப் பாருங்கள். வெளிர்பச்சைப் புழுவின் இரு பக்கமும் மயிரிழைக் கொத்துகள் அசையும். அவை செவுள்கள். அந்துப்பூச்சி இனத்தில் பிறந்தும் மீனைப் போல நீரில் கரைந்த காற்றையே இது சுவாசிக்கிறது. நுனியை வெட்டிச் சுருட்டி, உள்ளே பட்டிழை பூசி, நீர் நிரம்பிய அந்தக் குழலோடே அடுத்த செடியில் ஏறிப் பச்சையத்தைச் சுரண்டித் தின்கிறது. அதனால்தான் சோகை வெளுத்துக் காகிதம் போலாகிறது.

நீரைத் தொட்டுக் கிடக்கும் இலைகளின் அடிப்புறத்தில் தாய்ப்பூச்சி முட்டையிடும். சில நாளில் பொரிக்கும் புழு ஏறத்தாழ இரண்டு மூன்று வாரம் வளர்ந்து, தூரின் அடியில் குழலை ஒட்டி அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகும். பெயர் குழப்பும்: கூட்டுப்புழு என்பது எல்லா அந்துப்பூச்சிக்கும் உள்ள பருவம், கூண்டுப்புழு என்பது இந்த இனத்தின் பெயர். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும் சிறு வெண்ணிறப் பூச்சி இரவில் விளக்கைத் தேடி வரும்.

பழைய மடை:
மண்ணெண்ணெயை மணலில் கலந்து தூவி, பயிர்மேல் கயிறு இழுத்துக் குழல்களை உதிர்ப்பது எங்கள் வழக்கம். பின்பு நீரை வடித்துவிடுவோம்.

நீர்ப்பூச்சி:
கயிறும் வடிப்பும் போதும் ஐயா. நீரில்லாமல் புழுவால் மூச்சுவிட முடியாது. இரண்டு மூன்று நாள் வயலைக் காயவிட்டால் மடிந்துவிடும். மண்ணெண்ணெய், இப்புழுவைப் பிடித்துத் தின்னும் நீர்வண்டுகளையும் சேர்த்துக் கொல்லும். வடிகிற மடையில் வலையோ சாக்கோ கட்டாவிட்டால் குழல்கள் அடுத்தவர் வயலுக்குப் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.

வரப்போரம்:
டம்ளரில் பார்த்துவிட்டேன், செவுள்கள் நன்றாகத் தெரிகின்றன. இன்று மாலையே சாக்கு கட்டி மடையைத் திறக்கிறேன்.