முதல் கட்டுரையே தேறவில்லை, இடைக்காலப் பாடத்தை விட்டுவிடலாமா? வெள்ளிதான் கடைசி நாள்

புதுவரவு:
வணக்கம். இங்கே வந்து ஐந்து வாரம் ஆகிறது. சட்ட வரலாறு, இடைக்காலவியல் (ஐரோப்பாவின் இடைக்காலம் பற்றியது), மெய்யியல் என்று மூன்று பாடம். முதல் கட்டுரை திரும்பி வந்துவிட்டது, தேறவில்லை. அந்தக் காலத்து வழக்குகளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பிடிக்கச் சொல்லி, கடவுளே தீர்ப்புச் சொல்வார் என்று உண்மையைச் சோதிப்பார்களே, அது 1215-க்குப் பிறகு ஏன் நின்றது என்பது கேள்வி. பன்னிரண்டு பக்கம் எழுதினேன். "தகவல் இருக்கிறது, வாதம் எங்கே?" என்று ஒரே வரியில் குறிப்பு. போதாததற்கு அடுத்த மாதம் இலத்தீன் கையெழுத்துப் பிரதி வாசிக்க வேண்டுமாம். அந்தப் பாடத்தை விட்டுவிடலாமா? மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.

கரையேறியவன்:
எந்த நாடு, இளங்கலையா முதுகலையா, எதுவுமே சொல்லவில்லையே. சரி, போகட்டும். முதல் பருவத்தில் மெய்யியல் வகுப்பில் நான் வாயே திறந்ததில்லை. பக்கத்தில் ஒருவன் அரை மணி நேரம் விடாமல் பேசுவான். அவனும் புத்தகத்தைத் திறக்கவில்லை என்று ஏழாவது வாரம்தான் தெரிந்தது. அத்தனை நாள் அழுதது வீண். படிக்கக் கொடுத்ததையெல்லாம் நீங்கள் அட்டை முதல் அட்டை வரை படியுங்கள், தைரியம் தானாக வரும்.

நள்ளிரவு நூலகம்:
அட்டை முதல் அட்டை வரையா? அப்படிப் படித்துத்தான் நான் ஒரு பாடத்தில் தோற்றேன். தீர்ப்பு என்றால் முடிவைத் தாங்கும் காரணம் எது, நீதிபதி போகிற போக்கில் சொன்னது எது என்று பிரித்துக்கொண்டால் போதும். நாற்பது பக்கத்தில் வேண்டியது நான்கு பத்திதான் இருக்கும். மெய்யியல் நேர் எதிர். இடைக்கால மெய்யியலாளர் அக்வினாஸ் இரண்டே பக்கம் எழுதியிருப்பார், மூன்று தடவை படிக்க வேண்டும். எதிர்த்தரப்பின் வாதங்களை முதலில் வைப்பார், தன் பதில் அப்புறம்தான். நான் எதிர்த்தரப்பையே அவர் கருத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்! பரபக்கம் (பிறர் கொள்கை), சுபக்கம் (தன் கொள்கை) என்று சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் இருப்பது அப்போது ஏனோ நினைவுக்கு வரவில்லை.

ஒற்றைக்குடை:
இலத்தீன் தெரியாமல் இடைக்காலவியலா? விட்டுவிடுங்கள். உடம்பு முக்கியம்.

ஓலைப்பித்தன்:
விடாதீர்கள். முதல் வருடம் யாரும் முழு இலத்தீன் எதிர்பார்ப்பதில்லை. கையெழுத்தில் கஷ்டம் மொழியைவிடச் சுருக்கங்களில்தான். 'p' எழுத்தின் காலில் குறுக்கே கோடு இருந்தால் 'பெர்', காலிலிருந்து இடப்பக்கம் வளைந்தால் 'ப்ரோ'. கப்பெல்லி என்பவர் 1899-இல் வெளியிட்ட சுருக்க அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. புள்ளியே இல்லாத ஓலைச்சுவடியைப் படித்த இனம் நாம், இதற்கா பயப்படுவது?

கரையேறியவன்:
நீங்கள் வேறு. சட்ட வரலாறு படிக்கிறேன் என்றால் "எப்போது கோர்ட்டுக்குப் போவாய்?" என்று இன்னும் கேட்கிறார்கள்.

ஒற்றைக்குடை:
அது பரவாயில்லை. மெய்யியல் என்றதும் என்னிடம் "சாமியாராகப் போகிறாயா?" என்றார்கள். படித்து முடித்தும் கேள்வி நிற்கவில்லை.

நள்ளிரவு நூலகம்:
அப்போது நான் படித்த இடத்தில் நூலகமும் எட்டு மணிக்கே மூடிவிடும். அதைச் சொன்னால் தனித் திரி வேண்டும்.

பழைய மாணவி:
எல்லோரும் கொஞ்சம் நிறுத்துங்கள். வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே.

புதுவரவு, பாடத்தை விடுவதற்கு முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போங்கள், நாளைக் காலையிலேயே. மாணவர் விசா என்றால் பல நாடுகளில் முழுநேரப் படிப்புக்கான அளவு குறையக் கூடாது. அவசரத்தில் ஒரு பாடத்தை விட்டு, விசா சிக்கலில் மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். கெடு முடிந்து விலகினால் மதிப்பெண் பட்டியலில் அது பதிவாகுமா என்றும் அங்கேயே கேளுங்கள்.

அப்புறம் கட்டுரை. ஆசிரியரிடம் "ஏன் மதிப்பெண் குறைந்தது?" என்று போகாதீர்கள். ஒரு பத்தியைத் திருத்தி எழுதிக்கொண்டு போய் "இது வாதமா?" என்று கேளுங்கள். 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் (திருச்சபையின் பொதுக்கூட்டம்), குருமார்கள் இந்தச் சோதனைக்கு ஆசி வழங்கக் கூடாது என்றது. ஆசி இல்லாவிட்டால் அது வெறும் தீக்காயம்தானே. இங்கிலாந்து நடுவர் குழுவின் (ஜூரி) பக்கம் போனது, ஐரோப்பாவின் பெரும்பகுதியில் சாட்சி, வாக்குமூலம் என்று விசாரணை முறை வலுத்தது. இதுவரை தகவல். சோதனையில் நம்பிக்கை ஏற்கெனவே போய்விட்டதால் திருச்சபை தடுத்ததா, தடுத்ததால்தான் நின்றதா? இங்கேதான் நீங்கள் ஒரு பக்கம் நிற்க வேண்டும். அதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். எதிர்ப்பக்கத்தின் வலுவான காரணத்தை நீங்களே எடுத்து வைத்துப் பதில் சொல்லுங்கள். பன்னிரண்டு பக்கத்தில் எட்டு அடிபடும், அடிபடட்டும்.

இன்னொன்று. எதை வைத்து ஒன்றை நிரூபணம் என்று ஏற்கிறோம் என்பது உங்கள் மூன்று பாடத்துக்கும் பொதுவான கேள்வி. ஒன்றுக்காகப் படிப்பது மற்ற இரண்டிலும் உதவும். ஆனால் ஒரே கட்டுரையை இரண்டு இடத்தில் கொடுத்துவிடாதீர்கள், அது பெரிய வம்பு.

புதுவரவு:
நன்றி அக்கா. மாணவர் விசாதான், முதுகலை. இப்போதுதான் கையேட்டைப் பார்த்தேன், இடைக்காலவியல் கட்டாயப் பாடமாம்.

கரையேறியவன்:
அப்படியென்றால் விடவே முடியாதே! இதை முதலிலேயே பார்த்திருக்கக் கூடாதா?

புதுவரவு:
ஓலைப்பித்தன் அண்ணா, குறுக்கே கோடு போட்டால் 'பெர்' என்றீர்கள், இல்லையா?