கம்பெனி முகவரியை யாரோ மாத்தியிருக்காங்க, உதவி வேணும்

வணக்கம். சிங்கப்பூர் தேக்கா பக்கம் மளிகைக் கடை வச்சிருக்கிற என் மாமாவுக்காகக் கேட்கிறேன். கடை பிரைவேட் லிமிடெட்டா பதிஞ்சது. போன வாரம் அரிசி சப்ளையர் போன் பண்ணி, "அண்ணே, ஆபீஸை உட்லண்ட்ஸுக்கு மாத்திட்டீங்களா?"ன்னு கேட்டிருக்கார். உடனே கம்பெனிப் பதிவுக்கான அரசாங்கத் தளமான பிஸ்ஃபைல்ல 5.50 வெள்ளி கட்டி, பிசினஸ் ப்ரொஃபைல் (கம்பெனியோட பதிவு விவர அறிக்கை) எடுத்துப் பார்த்தோம். பதிவு முகவரியில நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு யூனிட் நம்பர். டைரக்டர் பேரு, பங்கு விவரம் எல்லாம் அப்படியே இருக்கு, நல்லவேளை.

மாமா தன்னோட சிங்பாஸை (அரசாங்க இணையச் சேவைகளுக்கான லாகின்) யார்கிட்டயும் கொடுத்ததில்லை. முன்னாடி கம்பெனி செக்ரட்டரி வேலை பார்த்த ஏஜென்சிக்கு, நம்ம சார்பா பதிவு விவரங்களைத் தாக்கல் பண்ற ஃபைலிங் அனுமதி இன்னும் இருக்குமோன்னு ஒரு சந்தேகம். அவங்கதான் செஞ்சாங்கன்னு சொல்ல ஆதாரம் எதுவும் கையில இல்லை.

எனக்குப் பயம் என்னன்னா, கோர்ட் நோட்டீஸ்கூட பதிவு முகவரியில கொடுத்தாலே சட்டப்படி கொடுத்ததா ஆகிடும். மாமாவுக்குத் தெரியவே தெரியாது. அந்த ப்ரொஃபைலைக் காட்டி, கம்பெனி பேர்ல கடனுக்குச் சரக்கு எடுத்துட்டா? இத்தனை வருஷமா சேர்த்து வச்ச பேரு அவருக்கு.

கம்பெனிகளைப் பதிவு பண்ற அரசாங்க அமைப்பான அக்ராவுக்கு எழுதியாச்சு, போலீஸ் ரிப்போர்ட்டும் கொடுத்தாச்சு. இந்த மாதிரி அனுபவப்பட்டவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க. தப்பான பதிவை நீக்க என்னென்ன ஆவணம் கேட்டாங்க? கார்ப்பாஸ்ல (கம்பெனி சார்பா யார் இணையச் சேவைகளைப் பயன்படுத்தலாம்னு அனுமதி கொடுக்கிற தளம்) பழைய ஆளுங்க அனுமதியை எடுத்தா போதுமா, ஏஜென்சிக்குத் தனியா எழுதணுமா? பேங்க்குக்கு இப்பவே தகவல் சொல்லிடலாமா? தமிழ் பேசுற, நம்பகமான கம்பெனி செக்ரட்டரி யாராவது தெரிஞ்சா இன்பாக்ஸ்ல அனுப்புங்க.