மாமாவோட ரிப்போர்ட்டை ஆபாவுல இணைக்க

சரோஜா அத்தை: புது டாக்டர் மாமாவோட ஆபா (ABHA, மத்திய அரசோட டிஜிட்டல் ஹெல்த் கணக்கு) நம்பர் கேக்கறார். குடுத்தா பழைய ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் அவருக்குத் தெரிஞ்சிடுமா?

செந்தில்: இல்ல அத்தை. அந்த 14 இலக்க நம்பர் வெறும் அடையாளம்தான். ரிப்போர்ட் அந்தந்த ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்லயே இருக்கும். மாமா போன்ல சம்மதம் குடுத்தாதான் அங்கிருந்து இங்க வரும், அதுவும் நடுவுல யாரும் படிக்க முடியாதபடி என்க்ரிப்ட் ஆகி.

மீனா: அதுக்கு முன்னாடி ஆபா ஆப்ல பழைய ஆஸ்பத்திரியைத் தேடி இணைக்கணும். பேர், ஆணா பெண்ணா, பிறந்த வருஷம், மொபைல் நம்பர் வெச்சு அவங்க பதிவேட்டுல தேடும். ஆள் கிடைச்சா, அங்க பதிஞ்சிருக்கற நம்பருக்கு ஓடிபி போகும்.

சரோஜா அத்தை: அங்க என் நம்பர்தான் குடுத்திருக்கு 😟

மீனா: பெரும்பாலும் இங்கதான் மாட்டும். ஆதாரும் பழைய ஓபி சீட்டும் எடுத்துட்டுப் போய், பதிவு கவுண்டர்ல மாமா நம்பரை மாத்தச் சொல்லுங்க. பேரையும் திரையில காட்டச் சொல்லிப் பாருங்க. ஆதார்ல இனிஷியல் பின்னாடி, பழைய ஃபைல்ல முன்னாடி, இன்னொண்ணுல இனிஷியலே இல்ல, அதோட ஆங்கில எழுத்தும் மாறியிருக்கும். ஒரே ஆள் மூணு பேஷண்ட்டா நிப்பார்.

செந்தில்: ரெண்டு ஃபைல் இருந்தா ஒண்ணாச் சேர்க்கச் சொல்லலாம். ஆனா அதே பேர்ல வேற ஒருத்தரோட ஃபைல் சேர்ந்துடக் கூடாது. ரிப்போர்ட் வரலைன்னா டாக்டர் கேட்டுத் தெரிஞ்சுக்குவார். வேற ஆளோட மருந்து அலர்ஜி மாமா பேர்ல ஏறினா அதை நம்பி மருந்து எழுதிடுவார். சேர்க்கறதுக்கு முன்னாடி பிறந்த தேதி, முகவரி ரெண்டையும் ஒத்துப் பாக்கச் சொல்லுங்க.

சரோஜா அத்தை: சம்மதம்னு வந்தா அப்படியே அழுத்திடலாமா?

செந்தில்: வேண்டாம் அத்தை. எதுக்காக, எந்த வகை ரிப்போர்ட், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை நாள் செல்லும்னு நாலும் அதுலயே இருக்கும். இந்த டாக்டருக்கு டிஸ்சார்ஜ் சம்மரியும் லேப் ரிப்போர்ட்டும் போதும்னா மத்ததுல டிக்கை எடுத்துடுங்க. காலக்கெடுவை ஒரு வாரமாக் குறைங்க. பிறகு வேண்டாம்னு தோணினா அதே ஆப்ல ரத்து பண்ணலாம். போன்ல யார் கேட்டாலும் ஓடிபி மட்டும் சொல்லவே சொல்லாதீங்க.

மீனா: இன்னொண்ணு, பழைய ஆஸ்பத்திரி இந்தத் திட்டத்துல சேரலைன்னா, இல்ல பேப்பர் ஃபைலைக் கம்ப்யூட்டர்ல ஏத்தலைன்னா, எதுவும் வராது. ஆபா கட்டாயமும் இல்ல. இந்தத் தடவை ஃபைலைக் கையோட எடுத்துட்டுப் போங்க.

சரோஜா அத்தை: சரிம்மா. திங்கக்கிழமை முதல்ல நம்பரை மாத்திட்டு வரோம்.

செந்தில்: மாமாவையும் கூட்டிட்டுப் போங்க அத்தை, அவர் போனும் சார்ஜோட இருக்கட்டும். கவுண்டர்லயே இணைச்சுப் பாத்துடலாம்.